பிரிவு ரோட்டில் நான் பார்த்தது

கரட்டுப்பாளையம் பிரிவு,
9.2.2024

மஞ்சுளா மேடத்துக்கு உண்ணாமலை எழுதறனுங்க.

நேத்து கோர்ட்டுல மாடிப்படியில உங்க பக்கத்துல உக்காந்திருந்த தையக்காரி நான்தான். நீங்க எத்தனையோ பேசுனீங்க. நான் தலைய மட்டும் ஆட்டிட்டிருந்தேன். என்ன பொம்பள இவ, வாயத் தொறக்க மாட்டேங்கறாளேன்னு நெனச்சிருப்பீங்க. எனக்குப் பேச்சு திக்குமுங்க. பழகுனவங்ககிட்ட எப்படியோ சொல்லி முடிச்சிருவேன். புது ஆளுன்னா கஷ்டம். போனுன்னா சுத்தமா வராது. அதான் நீங்க நம்பரு குடுத்தும் கூப்பிடாம, சீட்டுல இருந்த விலாசத்துக்கு எழுதறேன். எழுத்துல எனக்குத் திக்காதுங்க.

நேத்தோட மூணு தடவ ஆச்சு. மொதத் தடவ வக்கீலுங்க எல்லாம் புறக்கணிப்புன்னு திருப்பி அனுப்பிச்சிட்டாங்க. ரெண்டாந் தடவ அரசு வக்கீலு வேற கோர்ட்டுக்குப் போயிட்டாரு. நேத்து சாயங்காலம் நாலரை வரைக்கும் காத்திருந்து, அடுத்த மாசம் வாங்கன்னு ஒரு வார்த்த. முகூர்த்த ஜாக்கெட்டு பதினாறு கடையில கெடக்குது. ஒண்ணுக்குப் போலாம்னா பூட்டியிருக்குது, சாவி ஆபீசுல ஒரு அம்மாகிட்ட, அந்தம்மா சாப்பிடப் போயிருச்சு. நமக்கு முன்னால ஒரு பெரியவரு மடக்கு ஸ்டூலு போட்டு உக்காந்திருந்தாரே, பாத்தீங்களா. பதினோரு வருசமா நெலத்துக் கேசுக்கு வாராராம். "இந்தக் கேசுல நான் உருப்படியா செஞ்சது ஸ்டூலு வாங்குனதுதான்"னு சொல்லிச் சிரிச்சாரு.

ஆனா அதெல்லாம் நான் பொறுத்துக்குவேன். நேத்து நீங்க டீ குடிக்கப் போனப்ப உள்ள எட்டிப் பாத்தேன். கூண்டுல ஒரு பொம்பள நின்னுட்டிருந்தா. வக்கீலு "சத்தமாச் சொல்லும்மா, கேக்கல"ன்னு அதட்டுனாரு. பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவளுக்கு வாய் நல்லா இருக்கு, அவளுக்கே அந்தக் கதி. எட்டாவதுல புது வாத்தியாரு என்னய எந்திரிச்சுப் பேரு சொல்லச் சொன்னாரு. மணி அடிக்கற வரைக்கும் என்னால சொல்ல முடியல. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகலீங்க.

உங்க வீட்டுக்காரரு லாரியில அடிபட்டப்ப நான் பாத்தது நெசந்தான். என் கடைக்கு நேரா, ரோட்டு நடுவுல வண்டி திரும்பற சந்துல. ஓடிப் போயி தலைய மடியில வெச்சுக்கிட்டதும் நான்தான். அதுக்கு மேல என்னால ஆகாது. இனி நான் வரலீங்க. மனசுல வெச்சுக்காதீங்க.

உண்ணாமலை


அஸ்தம்பட்டி, சேலம்,
18.2.2024

உண்ணாமலை அக்காவுக்கு,

உங்களை அக்கா என்று கூப்பிடலாம்தானே. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேடம் எல்லாம் வேண்டாம். நான் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறவள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். நானும் அன்றைக்கு ராத்திரி கோபத்தில், போன் மேப்பில் அந்தக் கோர்ட்டைத் தேடி ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து எழுதினேன். சாவி இல்லாத கழிப்பறை, உட்கார இடமில்லாத வராண்டா, சொன்ன நேரத்துக்கு வராத ஆட்கள் என்று. எனக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள் அக்கா. ஒருவர் "வண்டி நிறுத்த நல்ல இடம்" என்று ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார். ஒருவர் "டீ சுமார், போண்டா பரவாயில்லை" என்கிறார். இன்னொருவர், "பொறுமை இருந்தால் நியாயம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது, அப்பாதான் அதைப் பார்க்க இல்லை" என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு பெண்: "இங்கே யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. வந்தவர்களிடம் கொஞ்சம் தணிவாகப் பேசினால் போதும்." 

நீங்கள் வராவிட்டால் வாரண்ட் அனுப்புவார்கள் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்பது எனக்கே பிடிக்காது.

நஷ்டஈடு வழக்கு லோக் அதாலத்தில் போன வருஷமே முடிந்துவிட்டது. அதற்காக நான் கேட்கவில்லை. அந்த லாரி டிரைவர் செங்கோட்டையன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர்தான் செய்தார் என்று யாராவது ஒருத்தர் அந்தக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். பார்த்தவர் நீங்கள் ஒருத்தர்தான்.

என் பெண் தீபிகாவுக்கு அப்போது பத்து வயது. அப்பா யார் மடியில் இருந்தார் என்று அவளுக்குத் தெரியும். உங்கள் பேரைச் சொல்லியிருக்கிறேன்.

வாருங்கள் அக்கா.

மஞ்சுளா


கரட்டுப்பாளையம் பிரிவு,
27.3.2024

மஞ்சுளாவுக்கு,

21ஆந் தேதி வந்தனுங்க. உங்களுக்கு வேலை இருந்துச்சோ என்னவோ, காணம். மாஜிஸ்திரேட்டு லீவு. எலெக்‌ஷன் வேலையில போலீசெல்லாம் அலையறதால இனி ஜூன் 20ன்னு போட்டிருக்காங்க.

வந்ததுக்கு ஒரு காரியம் நடந்துச்சு. அத எழுதறதா வேண்டாமான்னு ஆறு நாளா நெனச்சுட்டிருந்தேன்.

கோர்ட்டுக் கான்ஸ்டபிளு ஒருத்தரு, நல்ல மனுசன், என்னயக் கூப்பிட்டு ஒரு காயிதத்தக் குடுத்து, "அன்னிக்கு ஸ்டேசன்ல நீங்க சொன்னது இதுதான். படிச்சு மனசுல வெச்சுக்குங்க, அஞ்சு நிமிச வேல"ன்னாரு. படிச்சேன். 'லாரி அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் தவறான திசையில் வந்து மோதியதை நேரில் பார்த்தேன்'னு இருக்குது. நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க. அன்னிக்கு என்னால ஒரு வார்த்த முழுசாச் சொல்ல முடியல. சேலையெல்லாம் ரத்தம், எதக் கேட்டாலும் மொத எழுத்துலயே நிக்குது. எழுதிட்டிருந்தவரு பாவம் எத்தன நேரம் பொறுப்பாரு. "சரி சரி, லாரிதானே இடிச்சுது"ன்னாரு. தலைய ஆட்டுனேன். அவரா எழுதிக்கிட்டாரு.

நான் பாத்தத உங்களுக்கு எழுதிடறேன். வேற எங்க சொல்றதுக்கு முந்தியும் உங்களுக்குத் தெரியோணும். லாரி அது பாட்டுக்கு அதோட ரோட்டுல வந்துச்சு. ஆரன் அடிச்சுது. உங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கமிருந்து சந்துல திரும்பி வந்தாரு. நின்னு பாக்கல. எல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவுல போன சொருகிப் பேசிட்டே வந்தாரு. லாரிக்காரரு பிரேக்க மிதிச்ச சத்தத்துல என் மிசினு ஊசி ஒடிஞ்சிருச்சு. அவரு ஓடலீங்க. எறங்கி வந்து, என் கூட ஒரு கை புடிச்சு ஓரமாத் தூக்கினாரு. வண்டியில இருந்த தண்ணிக்கேனை எடுத்துட்டு வந்தாரு.

கூண்டுல ஏறி சத்தியம் பண்ணிட்டு அந்தக் காயிதத்துல இருக்கறத என்னால சொல்ல முடியாதுங்க. இத உங்களுக்கு எழுதறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது.

உண்ணாமலை


அஸ்தம்பட்டி,
2.4.2024

உண்ணாமலைக்கு,

கடிதம் கிடைத்தது.

நான் விசாரித்தேன். உங்கள் வீட்டுக்காரர் குழந்தைவேலும் லாரி டிரைவர்தான் என்கிறார்கள். அதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. மற்றதெல்லாம் எழுதினீர்கள். மாஜிஸ்திரேட் லீவு, காகிதம், ஊசி ஒடிந்தது, எல்லாம்.

ஜூன் 20ஆம் தேதி நீங்கள் வர வேண்டாம். வாரண்ட் வந்தால் வரட்டும்.

என் வீட்டுக்காரர் போன் பேசிக்கொண்டு வந்தார் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அவர் வந்து இல்லை என்று சொல்ல முடியாது.

மஞ்சுளா


கரட்டுப்பாளையம் பிரிவு,
15.4.2024

மஞ்சுளாவுக்கு,

ஆமாங்க. எங்க ஊட்டுக்காரரு லாரிதான் ஓட்டறாரு. இந்நேரம் நாக்பூரு தாண்டியிருப்பாரு. அவருகிட்ட இந்தக் கேசப் பத்திப் பேசினதே இல்ல. "ஒரு டிரைவர உள்ள தள்ளறதுக்கா நீ போறே"ன்னு அவரு கேட்டிருவாரோன்னு பயந்துதான் மொத மூணு தடவயும் தங்கச்சி ஊட்டுக்கு, புதுச்சத்திரத்துக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்தேன். உங்களுக்காகத்தான் வந்தேன். நீங்க நம்பறதுன்னா நம்புங்க.

எழுதாம விட்டது என் தப்பு. ஆனா அவரு டிரைவரா இல்லாம தறி ஓட்டறவரா இருந்திருந்தாலும் நான் பாத்தது மாறாதுங்க.

வர வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. கூப்பிட்டது நீங்க இல்ல, கோர்ட்டு. ரெண்டு நாளா யோசிச்சேன். வரத்தான் போறேன்.

பாப்பா பரிச்ச நல்லா எழுதியிருப்பான்னு நெனைக்கறேன்.

உண்ணாமலை


அஸ்தம்பட்டி,
8.6.2024

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உங்களுக்கு எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டே இருக்கிறேன். முதலில் மன்னிப்பு. உங்கள் வீட்டுக்காரரை வைத்து அப்படி எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போதே அது தப்பு என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் எழுதியது பொய் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. நிஜம் என்று தெரிந்ததால்தான் கோபம் வந்தது. அந்தப் போனில் பேசிக்கொண்டிருந்தது நான்தான் அக்கா.

அன்றைக்கு சனிக்கிழமை. நாமக்கல்லில் ஒரு தீவனக் கம்பெனி மீட்டிங் என்று காலையில் போனார். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவேன் என்றார். வரவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கவே மாட்டார், அது எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை கூப்பிட்டேன். எடுத்தார். எடுத்தவுடனே திட்டினேன். சாப்பாடு ஆறுகிறது, எடுக்க முடியாத போன் எதற்கு என்று. அவர் நடுவில் ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம்.

போன் கட்டாகவில்லை. ஓட்டமும் கத்தலும் கேட்டது. "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து யாரோ போனுக்குப் பக்கத்தில் மூச்சு விடுவது கேட்டது. பிறகு "ம... ம... ம..." என்று. அவர் என்னை மஞ்சு என்றுதான் கூப்பிடுவார். முழுசாகச் சொல்ல முடியவில்லை. பிறகு லைன் போய்விட்டது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கொழுந்தன்தான் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார், அவரிடமும் சொல்லவில்லை. தீபிகாவிடம் சொல்லவே இல்லை. செங்கோட்டையன் தண்டனை வாங்கிவிட்டால் எனக்கு இந்தப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு, லீவு கிடைத்த வாய்தாவுக்கெல்லாம் வந்து அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

20ஆம் தேதி வாருங்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். போனையும் சொல்லுங்கள்.

மஞ்சுளா


கரட்டுப்பாளையம் பிரிவு,
13.6.2024

மஞ்சுளாவுக்கு,

கடுதாசி வந்துச்சு. கடைய மூடிட்டுப் படிச்சேன்.

 போன் எடுக்கலீன்னா ஊட்ல இருக்கற பொம்பள மறுக்காவும் கூப்பிடத்தான் செய்வா. எங்க ஊட்டுக்காரரு குஜராத்துல இருந்தாலும் நான் கூப்பிட்டுட்டே இருப்பேன். அவரு எடுத்துப் பேசுவாரு, நான் உம் கொட்டுவேன், அவ்வளவுதான் எங்க பேச்சு. இத்தனைக்கும் வண்டியில இருக்கறாருன்னு எனக்குத் தெரியும்.

உங்ககிட்ட இன்னொண்ணு சொல்லோணும். இப்ப முடியல. 20ஆந் தேதி போகட்டும்.

வாரேன்.

உண்ணாமலை


அஸ்தம்பட்டி,
22.6.2024

அக்காவுக்கு,

முந்தாநாள் உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பி வந்துவிட்டேன். நீங்கள் கூண்டை விட்டு இறங்கி என்னைத் தேடியதைப் பார்த்தேன். நிற்க முடியவில்லை.

நான் பின்பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். உங்கள் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். நீங்கள் ஏறியதும் பேர் என்ன என்று கேட்டார் அரசு வக்கீல். "உ" என்று ஆரம்பித்தீர்கள். வரவில்லை. செங்கோட்டையனுடைய வக்கீலின் ஜூனியர் பையன் சிரித்தான். எதிர்த்தரப்பு வக்கீலே எழுந்து, "உண்ணாமலை, சரிதானேம்மா" என்று எடுத்துக் கொடுத்தார். அப்போது அந்த மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். சின்ன வயசுதான், என்னைவிடச் சின்னவராக இருப்பார். "சார், நீங்க சொல்லாதீங்க. அவங்களே சொல்லட்டும். எனக்கு நேரம் இருக்கு" என்றார். உங்களைப் பார்த்து, "உக்காந்து சொல்றீங்களா? தண்ணி வேணுமா?" என்று கேட்டார். நாற்காலி போட்டார்கள்.

எழுபது நிமிஷம் ஆனது, நான் மணி பார்த்தேன். ஒருத்தரும் உங்கள் வார்த்தையை முடித்து வைக்கவில்லை. லாரி அதிவேகமா வந்துச்சா என்று கேட்டதற்கு "இல்ல" என்று ஒரே வீச்சில் சொன்னீர்கள், திக்கவே இல்லை. அரசு வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது. உங்களைப் பிறழ்சாட்சியாக எடுத்துக்கொண்டு அவரே குறுக்கு விசாரணை செய்தார். "ஸ்டேஷன்ல இப்படித்தானே சொன்னீங்க" என்று நாலு விதமாகக் கேட்டார். "நான் சொல்லல. என்னால அன்னிக்குச் சொல்ல முடியல. இன்னிக்குத்தான் சொல்றேன்" என்றீர்கள். அந்தச் சின்ன வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது. மொத்தக் கோர்ட்டும் காத்திருந்தது. தட்டச்சு செய்கிற பெண் விரலை மேலே தூக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வாய்தாவில் அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் நல்லதாக நினைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். எத்தனை மணிக்கு நடந்தது என்று உங்களைக் கேட்டார்கள். மதியம் ஒண்ணேகால் என்று சொல்ல வந்தீர்கள். "ம" என்ற எழுத்தில் மாட்டிக்கொண்டது. "ம... ம... ம..."

 இரண்டு வருஷமாகத் தினமும் நான் கேட்கிற சத்தம் அது.

அக்கா, அன்றைக்கு அந்தப் போனை எடுத்தது நீங்களா?

மஞ்சுளா


கரட்டுப்பாளையம் பிரிவு,
30.6.2024

அம்மிணி,

ஆமா. நான்தான்.

போனு ரோட்டுல கெடந்துச்சு. கண்ணாடி ஒடஞ்சிருந்தாலும் வெளிச்சம் இருந்துச்சு. மஞ்சுன்னு பேரு. உள்ளேயிருந்து என்னங்க என்னங்கன்னு சத்தம். எடுத்துக் காதுல வெச்சேன். மஞ்சு, இவரு இங்க கரட்டுப்பாளையம் பிரிவுல இருக்காரு, சீக்கிரம் வாங்கன்னு சொல்லோணும். மொத எழுத்தத் தாண்டல. நான் தெணறத் தெணற நீங்க அந்தப் பக்கம் அழுவறது கேக்குது. அப்பறம் போனு அணைஞ்சு போச்சு. அன்னிக்கு என்னய நானே வெறுத்த மாதிரி வேற எப்பவும் வெறுத்ததில்ல. எட்டாவதுல நின்னப்பகூட இல்ல.

மாடிப்படியில நீங்க உங்க பேரச் சொன்னப்பவே அந்த மஞ்சு நீங்கதான்னு தெரிஞ்சுக்கிட்டேன். இனி வரலீன்னு மொதக் கடுதாசி எழுதுனதுக்கு அதுவும் ஒரு காரணம். உங்க மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அப்பறம் அவரு உங்களக் கூப்பிட்டாருன்னு நீங்க எழுதுனீங்க. அதப் படிச்சிட்டு, இது நான்னு எப்படிச் சொல்லுவேன். அவரோட கடைசிச் சொல்லுன்னு வெச்சிருக்கற ஒண்ண, அது ஒரு திக்குவாய்க்காரியோடதுன்னு புடுங்கிக்கறதா. கோர்ட்டுல சத்தியம் பண்ணி நெசத்தச் சொல்லப் போறவ, உங்ககிட்ட மறைச்சேன். நீங்க கேட்டிருக்காட்டி சொல்லியிருப்பனான்னு இப்பவும் தெரியல.

அவரு ஒண்ணும் பேசலீங்க. அடிபட்டதிலிருந்து நெனவு இல்ல. நூத்தியெட்டு வர இருவது நிமிசம் ஆச்சு. மூச்சு ஓடிட்டிருந்துச்சு. வலியில முகம் சுளிக்கல. வெயிலா இருந்துச்சுன்னு செங்கோட்டையன் தன்னோட துண்ட விரிச்சு ரெண்டு கையிலும் புடிச்சு நெழலு காட்டுனாரு. வண்டி வர்ற வரைக்கும் அவரு கைய எறக்கல.

இதுக்கு மேல எங்கிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

உண்ணாமலை


அஸ்தம்பட்டி,
11.10.2024

அக்காவுக்கு,

மூன்று மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபம் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டார், நான் போய்ச் சேரவில்லை என்று நினைத்தே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் ஒருபக்கம் பாரம் இறங்கியது, இன்னொரு பக்கம் அவரை மறுபடியும் இழந்த மாதிரி இருந்தது. இரண்டும் அடங்குவதற்கு நாளாகிவிட்டது.

8ஆம் தேதி தீர்ப்பு. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சாட்சி சொன்னவர்களுக்கு அதெல்லாம் அனுப்புவதில்லையாம். செங்கோட்டையனை விடுதலை செய்துவிட்டார்கள். மொத்தம் ஐந்து நிமிஷம்தான். தீர்ப்பில் உங்கள் சாட்சியத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. 'மிகுந்த சிரமத்துடன், எவர் தூண்டுதலும் இன்றிச் சொல்லப்பட்டது; நம்பத்தக்கது' என்று படித்தார்கள். நான் அதை அப்படியே மனசில் எழுதிக்கொண்டு வந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

வெளியே வந்தேன். அவர் அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றார். விடுதலையான ஆள் மாதிரியே இல்லை. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கிட்டே போய், "அன்னிக்கு அவர்கூடப் போன்ல பேசிட்டிருந்தது நான்தாங்க. நான்தான் மறுபடி மறுபடி கூப்பிட்டேன்" என்றேன். இரண்டு வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு.

அவர், "இன்னொரு நாலடி முன்னாலயே மிதிச்சிருக்கலாமுங்க. அதேதான் எனக்கும் மனசுல ஓடுது" என்றார். மோகனூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலைக்குப் போகிறாராம். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தாலும் ஸ்டியரிங்கைத் தொடுவேனா தெரியவில்லை என்றார். "துண்டைப் பிடிச்சு நிழல் காட்டினீங்களாமே" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரை மன்னித்தேன் என்றோ, அவர் என்னை மன்னித்தார் என்றோ எழுத முடியாது அக்கா. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சேர்ந்து நடந்தோம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து தீபிகாவை உட்கார வைத்தேன். ஏழாவது படிக்கிறாள். இனி இவளிடம் மறைக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். எல்லாம் சொன்னேன். மூன்று தடவை கூப்பிட்டதை, திட்டியதை, சத்தம் கேட்டதை, உங்களை. அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், இனி என்னிடம் பேச மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டு வருஷமாக நான் பயந்தது அதற்குத்தான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்போ அப்பா கடைசியா உன்கிட்டதான் பேசினாரா?"

"ஆமா."

"என்னம்மா சொன்னாரு?"

அதுவரைக்கும் நான் அதை நினைத்தே பார்த்ததில்லை அக்கா. நான் திட்டியது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் சொன்னதை என் சத்தமே மூடிவிட்டிருந்தது. அவள் கேட்ட பிறகு யோசித்துப் பார்த்தேன். இருந்தது. என் திட்டுக்கு நடுவில், சிரித்துக்கொண்டே, அவசரமாக: "திட்டாத மஞ்சு. பாப்பாவை ரெடியா இருக்கச் சொல்லு. சாயங்காலம் மலைக்குப் போலாம்."

"என்னையா ரெடியா இருக்கச் சொன்னாரு?"

"உன்னைத்தான்."

"சிரிச்சுட்டேவா சொன்னாரு?"

"சிரிச்சுட்டேதான்."

அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவர் எப்படிச் சொன்னாரோ அதே மாதிரி சொல்லச் சொன்னாள். அப்படியும் சொன்னேன்.

மஞ்சுளா